பிச்சைமுத்து திறந்த பம்பு

பிச்சைமுத்துவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கள்ளக்குறிச்சியில் இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஏனென்றால் புதுச்சேரி, சேலம், கோயம்புத்தூர் என்று எங்கெங்கோ பழைய வெளிநாட்டுக் கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தங்கள் வண்டியின் பவர் ஸ்டேரிங் பம்பைக் கழற்றி, அரிசிச் சாக்கில் சுற்றி, பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து இவனுக்குத்தான் அனுப்பினார்கள். இவன் கருணாபுரத்தில் ஓடு வேய்ந்த தன் வீட்டின் முன்பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பிரிப்பான், கழுவுவான், தேய்ப்பான், மாற்றுவான், பூட்டுவான். மறுபடி சாக்கு, மறுபடி பஸ். கார் எப்படி இருக்கும், கறுப்பா சிவப்பா, அதில் யார் போகிறார்கள், ஒன்றும் தெரியாது. கல்யாணப் பெண்ணைப் பார்க்காமலே தாலி செய்து கொடுக்கிற ஆசாரி மாதிரிதான் அவன் பிழைப்பு.

கூலிக்காரர் மகன். அப்பா கரும்பு வெட்டப் போனவர். இவன் பதினெட்டு வயதில் ஒரு டிராக்டர் பட்டறையில் கை கழுவத் தண்ணீர் ஊற்றப் போனவன், எண்ணெய் பம்பு பிரிப்பதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டான். டிராக்டர் பம்பு கைவந்தவனுக்குக் கார் பம்பு என்ன கசக்கவா போகிறது? ஸ்டேரிங்கைத் திருப்பும்போது ஓட்டுகிறவன் கைக்குப் பதிலாக எண்ணெய் தள்ளிக்கொடுக்கிறது. அந்த எண்ணெயை அழுத்தி அனுப்புவது இந்தப் பம்பு. உள்ளே ஓர் உருளை, அதைச் சுற்றிப் பத்துச் சின்னத் தகடுகள், ஒரு கோடியில் சுண்டுவிரல் கனத்தில் ஒரு வால்வு. அந்த வால்வு தன் குழியில் வழுக்கிக்கொண்டு முன்னும் பின்னும் ஓட வேண்டும். ஒரு பொடி தூசு அதில் சிக்கி வால்வு மாட்டிக்கொண்டால் போச்சு, வளைவின் நடுவில் ஸ்டேரிங் கல்லாகிவிடும்.

இந்த வேலைக்குப் பயந்தாங்கொள்ளிதான் லாயக்கு. பிச்சைமுத்துவை விடப் பெரிய பயந்தாங்கொள்ளி அந்த வட்டாரத்திலேயே கிடையாது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவான், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான், மறுபடி போவான், மறுபடி வருவான். அடுப்பை அணைத்தோமா என்று சந்தையிலிருந்து ஓடி வந்திருக்கிறான், அன்றைக்கு வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை. ஒவ்வொரு திருகாணியையும் மூன்று தடவை தொட்டுப் பார்ப்பான். அதனால்தான் அவன் பூட்டி அனுப்பிய பம்பு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அவன் மனைவி குஞ்சம்மாள் சொல்லுவாள்: "இந்த மனுசன் சாவும்போதுகூட மூச்சு நின்னுடுச்சான்னு மூணு வாட்டி பாத்துட்டுத்தான் சாவாரு."

தொண்ணூற்றாறாம் வருஷம் ஐப்பசியில் நடந்தது இது. அவன் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பம்போடு கூடவே காரும் வாசலுக்கு வந்தது. அந்தக் காரை ஊரே அறியும். வெளிர்நீலம், பின்பக்கம் இரண்டு இறக்கை, தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிற நீளம். படகு வண்டி என்பார்கள். கரும்பு நிலம் நிறைய வைத்திருந்த சின்னராசுவின் அப்பா எந்தக் காலத்திலோ புதுச்சேரியில் வாங்கியது. இப்போது சின்னராசு அதைக் கல்யாணங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். இடதுபக்கம் உட்கார்ந்து ஓட்ட வேண்டிய வண்டி. கியர் ஸ்டேரிங்குக்கு அடியில். அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் அம்மாசி.

அம்மாசி வேறு யாருமில்லை, குஞ்சம்மாளின் சித்தப்பா மகன். ஆறு மாதத்துக்கு முன்னால் கரும்பு லாரியிலிருந்து விழுந்து இடது தோள் உடைந்தது. கட்டுப் போட்டார்கள், பிரித்தார்கள், எலும்பு கூடியது, கை கூடவில்லை. "கொஞ்சம் பலம் கம்மி மாமா, அவ்ளோதான்" என்று பிச்சைமுத்துவிடம் சொன்னான். சின்னராசுவிடம் அதையும் சொல்லவில்லை. சொன்னால் வண்டிச் சாவியை வாங்கிவிடுவார். இந்த வண்டி போனால் அவனுக்கு வேறு வேலை இல்லை, மூன்று பிள்ளைகள்.

பம்பு ஊளையிடுகிறது என்று சாக்கு சொல்லி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, வேலையோடு வேலையாக ஒன்று கேட்டான். "மாமா, அழுத்தத்த கொஞ்சம் ஏத்தி வையேன். ஒத்த வெரல்ல திரும்புற மாதிரி. எனக்கு அது போதும்."

பிச்சைமுத்து யோசித்தான். குஞ்சம்மாள் வாசற்படியில் நின்று பார்த்தாள், அந்தப் பார்வைக்கு மேல் யோசிக்க முடியவில்லை. "யாருக்கும் தெரிய வேணாம்" என்று மட்டும் சொன்னான்.

பம்பைப் பிரித்தான். மூன்று நாளாக வால்வோடு மல்லுக்கட்டினான். அழுத்தத்தை ஏற்றினான். எல்லா உறுப்பையும் வாழையிலையில் வரிசையாகப் பரப்பியபோது ஆயுத பூசை வந்துவிட்டது. பட்டறைக்காரன் வீட்டில் ஆயுத பூசையன்று ஆயுதத்தைத் தொடக்கூடாது. சுத்தியல், ஸ்பானர், அரம், பம்பின் உறுப்புகள், எல்லாவற்றுக்கும் குஞ்சம்மாள் பட்டையடித்துச் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினாள். மறுநாள் காலை மறுபூசை முடிந்த பிறகுதான் தொட்டான். சின்னராசுவின் ஆள் வாசலில் நின்று "ஆச்சா, ஆச்சா" என்று அரித்துக்கொண்டிருக்க, எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டி, எண்ணெய் ஊற்றி, வண்டியை அனுப்பிவிட்டான்.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை. வெள்ளிமலையில் ஒரு வாத்தியார் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை கள்ளக்குறிச்சி. மாப்பிள்ளையையும் அவன் அம்மா பாப்பாத்தியையும் ஏற்றிக்கொண்டு படகு வண்டி விடியற்காலையிலேயே மலைக்குப் போய்விட்டது. முகூர்த்தம் முடிந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் அதே வண்டியில் கீழே அழைத்து வர வேண்டும்.

காலை எட்டு மணி. பிச்சைமுத்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். குஞ்சம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"தம்பி மலைக்குப் போயிருக்கான். ஒண்ணும் ஆவாது. அன்னிக்குப் பூசையில அந்தக் குழாயாட்டம் ஒண்ணு இருந்துச்சில்ல, அதுக்குள்ளாறகூட ஒரு சிட்டிக துன்னூறு போட்டேன். எந்தம்பி ஓட்ற வண்டியாச்சே."

பிச்சைமுத்து கையிலிருந்த சோற்றை வட்டிலிலேயே போட்டான்.

"எதுக்குள்ளாற?"

"அதாங்க, வெரலு கனத்துல ஒண்ணு வழுவழுன்னு இருந்துச்சே, அது போய் உக்கார்ற ஓட்ட. அதுலதான்."

வால்வுக் குழி! திருநீறு! கடவுளே, அதை விடக் கூரான தூசு உலகத்தில் உண்டா? அவன் கையை உதறிக்கொண்டு எழுந்தான். கழுவினோமா? உருளையைக் கழுவியது ஞாபகம் இருக்கிறது. தகடுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தது ஞாபகம் இருக்கிறது. தண்டைக் கழுவியது ஞாபகம் இருக்கிறது. வால்வுக் குழி? அதன் வேலைதான் பூசைக்கு முன்னாலேயே முடிந்துவிட்டதே. முடிந்தது என்று தனியாக எடுத்து இலையின் ஓரத்தில் வைத்தானே. முடிந்ததை யார் மறுபடி கழுவுவார்கள்? மண்ணெண்ணெய்க் கிண்ணத்தை மனசுக்குள் எத்தனை முறை நினைத்துப் பார்த்தும் அதில் அந்தக் குழி நனையவே இல்லை.

"ஏங்க, இன்னாச்சு? மொகம் ஏன் இப்டிப் போவுது?"

"ஒண்ணுமில்ல" என்றான். சொன்னால் அவள் அங்கேயே உட்கார்ந்து அழுவாள். தன் கையாலேயே தம்பிக்கு எமனை வைத்தேனா என்று மாரில் அடித்துக்கொள்வாள். ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். தெருமுனை வரை போய்த் திரும்பி வராத முதல் நாள் அது.

கச்சிராயபாளையம் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பஸ் மெதுவாகப் போகிற மாதிரி இருந்தது. தவறு கண்ணுக்குத் தெரிந்தால் பரவாயில்லை, இதுதான் என்று தெரிந்துவிட்டால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இது இருக்கா இல்லையா என்றே தெரியவில்லையே! கழுவியிருப்போம் என்று ஒரு மைல் தூரம் தைரியமாக இருப்பான். அடுத்த மைலில் கழுவவே இல்லை என்று தோன்றும். வண்டி ஏறும்போது ஒன்றும் ஆகாது, ஏறுகிறபோது வேகம் கிடையாது. இறங்கும்போதுதான். எண்ணெய் சூடாகும், பொடி நகரும், வால்வு மாட்டும், கொண்டையூசி வளைவில் அம்மாசி ஒற்றைக் கையால் இழுப்பான், ஸ்டேரிங் வராது. உள்ளே புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும். அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடினால் இன்னும் தெளிவாகத் தெரிந்தது, அதனால் திறந்தான்.

கச்சிராயபாளையத்தில் மலை பஸ் போய்விட்டிருந்தது. மாயவன் என்பவரின் ஜீப் பதினெட்டுப் பேரோடு கிளம்பிக்கொண்டிருந்தது, பத்தொன்பதாவது ஆளாகப் பின்னால் தொங்கினான். கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதை ஆரம்பித்தது. முன்தின மழையில் பாதை நனைந்து, ஓரத்துச் செம்மண் சரிந்து கிடந்தது. ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தை எட்டிப் பார்த்தான், வெளிர்நீலமாக ஏதாவது தெரிகிறதா என்று. ஒரு இடத்தில் தெரிந்தே விட்டது. "நிறுத்து, நிறுத்து!" என்று கத்தினான். ஜீப் நின்றது. எவனோ காயப்போட்ட தார்ப்பாய்.

மாயவன் தலையை வெளியே நீட்டித் திட்டினார். "யோவ், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயுன்னு சொல்லுவாங்க. நீ பகல்லியே பாக்கறியே! சும்மா தொங்கிக்கினு வாய்யா."

அவன் வெள்ளிமலையில் இறங்கியபோது பதினொன்றரை ஆகியிருந்தது. முகூர்த்தம் முடிந்து பந்தியும் பாதி முடிந்திருந்தது. பந்தலுக்குப் பக்கத்தில், மாலை சாத்திக்கொண்டு, ஒரு கீறல் இல்லாமல் நின்றது படகு வண்டி. பிச்சைமுத்து ஓடிப்போய் வண்டியின் இறக்கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றான், கண்ணில் தண்ணீர் வந்தது.

அம்மாசி வெற்றிலை மென்றுகொண்டு வந்தான். இடது கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டிருந்தான், ஸ்டைலாக நிற்கிறவன் மாதிரி. "இன்னா மாமா, சொல்லாம கொள்ளாம? சாப்ட வந்தியா? வண்டி பூ மாதிரி ஏறிச்சு மாமா. ஒத்த வெரலு போதும்."

பிச்சைமுத்து அவனை ஓரமாக இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னான். அம்மாசி சிரித்தான்.

"அக்கா போட்ட துன்னூறா? நல்லதுதானே. இத்தினி வளைவு ஏறியாச்சு, இன்னும் இன்னா? ஓட்ற வண்டிய நோண்டாத மாமா."

"எறங்கும்போது மாட்டிக்கினா?"

"மாட்டாது."

"மாட்டிக்கினா?"

"மாமா, உனுக்கு எப்பவும் இதே வேலதான். சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. போய் சாப்டு, போ."

சாப்பிட உட்கார்ந்தான். இலையில் சோறு விழுந்தது, நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. எதிர்வரிசையில் புதுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை அப்பளம் எடுத்து வைத்தான், பெண் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். பாப்பாத்தியம்மாள் எல்லோரையும் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். "மூணு மணிக்கு எமகண்டம். அதுக்குள்ள வூட்டுக்குப் போய்ப் பொண்ணு வெளக்கேத்தணும். சீக்கிரம், சீக்கிரம்."

வண்டி வேண்டாம், ஜீப்பில் போங்கள் என்று அந்த அம்மாளிடம் சொல்லலாம். ஏன் என்பார். பம்பில் கோளாறு என்றால் பிச்சைமுத்துவின் பெயர் போகும், அது போனால் போகட்டும். யார் ஓட்டுகிறான், பம்பு இல்லாமல் அவனால் முடியாதா என்று அடுத்த கேள்வி வரும். அம்மாசியின் கை வெளியே வரும். அதோடு கல்யாண வண்டி பாதியில் நின்றது என்று பெண்ணின் ராசியைச் சொல்லுவார்கள், காலம் முழுக்கச் சொல்லுவார்கள். ஒருத்தருக்கும் தெரியாமல் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டால்? கால் மணி நேர வேலை. அவன் இலையை மடித்துவிட்டு எழுந்தான்.

அம்மாசி தடுத்தான். இவன் கேட்கவில்லை. இஞ்சின் மூடியைத் தூக்கிப் பந்தலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, குழாய் முனையைக் கழற்றினான். எண்ணெய் இன்னும் சூடாக இருந்தது. வால்வை வெளியே இழுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு பொட்டு இல்லை. குழிக்குள் விரலை விட்டுத் துழாவினான். எண்ணெயைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தான், ஒரு நறநறப்பு இல்லை. வால்வைக் குழியில் விட்டால் தன் கனத்திலேயே வழுக்கிக்கொண்டு இறங்கியது. கழுவியிருக்கிறான்! மனசுக்குச் சொல்லாமல் கை தன்பாட்டுக்குக் கழுவியிருக்கிறது. முப்பது வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா?

"பாத்தியா?" என்றான் அம்மாசி.

பிச்சைமுத்து வாய்விட்டுச் சிரித்தான். காலையிலிருந்து முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே குழாய் முனையைத் திரும்பப் பூட்டினான். பூட்டும்போது விரலில் ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது. முனையைச் சுற்றி எண்ணெய் கசியாமல் பிடிக்கிற ரப்பர் வளையம். அந்தக் காருக்குரிய வளையம் எங்கும் கிடைக்காது, டிராக்டர் வளையத்தை இழுத்துப் போட்டிருந்தான். போட்ட இடத்தில் கிடந்தவரை பிடித்தது. சூட்டில் உப்பி, கழற்றிப் பூட்டியதில் கத்தி வைத்த மாதிரி அறுந்திருந்தது.

பையைக் கவிழ்த்துக் கொட்டினான். ஸ்பானர்கள் இருந்தன, துணி இருந்தது, அரம் இருந்தது. வளையம் வைத்திருக்கிற டப்பா வீட்டில் இருந்தது. பயத்தில் ஓடி வந்தவன் எடுத்து வந்ததெல்லாம் கழற்றுகிற சாமான், பூட்டுகிற சாமான் ஒன்றும் இல்லை.

நூலைச் சுற்றிப் பார்த்தான். சோப்பு வைத்துப் பார்த்தான். பந்தல்காரனிடம் சைக்கிள் டியூப் வாங்கி வெட்டி வைத்தான். ஒவ்வொரு தடவையும் அம்மாசி இஞ்சினைப் போட்டுச் சக்கரத்தைத் திருப்பியதும் எண்ணெய் பீய்ச்சி அடித்தது. நாலாவது தடவை பிச்சைமுத்துவின் வேட்டி முழுக்க நனைந்தது, பந்தலிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். பாப்பாத்தியம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னா ஆச்சு வண்டிக்கு? காலையில நல்லாத்தானே வந்துச்சு?"

அம்மாசி வாயைத் திறப்பதற்குள் பிச்சைமுத்து சொல்லிவிட்டான். "நல்லாத்தாம்மா இருந்துச்சு. நாந்தான் தொறந்து பாக்கறேன்னு கெடுத்துட்டேன். அம்மாசி மேல தப்பு இல்ல. நீங்க ஜீப்புல போங்கம்மா."

"நல்லா இருந்தத ஏன்யா தொறந்த?"

பிச்சைமுத்து ஸ்பானரைப் பைக்குள் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அந்த அம்மாள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. படகு வண்டியின் மாலையைக் கழற்றி மாயவன் ஜீப்பில் கட்டினார்கள். பெண் பட்டுப்புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள், ஒன்றரைக்குக் கிளம்பிப் போனார்கள்.

"நாமளும் போலாம்" என்றான் அம்மாசி.

"எதுல?"

"வண்டியிலதான். இங்க வுட்டுட்டுப் போனா சின்னராசு ஐயா கேப்பாரு. பம்பு இல்லாட்டி ஓட்ட முடியாதாடான்னு கேப்பாரு. பம்பு இல்லாத லாரிய நான் ஓட்லியா? அவருக்குத் தெரியும். அப்ப இந்தக் கையப் பாப்பாரு. நாளைக்கு வேற திருநாவலூர்ல கல்யாணம், வண்டி போயாவணும். வா மாமா. மெதுவா போலாம். நீ பக்கத்துல உக்காந்து ஒரு கை குடு."

வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நேரம் அதுதான். காலையிலிருந்து எதற்கெல்லாமோ பயந்தவன், பயப்பட வேண்டிய இடத்தில் வெட்கப்பட்டான். தன்னால்தானே இந்தக் கேடு, எப்படி மாட்டேன் என்பது? பம்பின் பெல்ட்டைக் கழற்றினான். முன்சீட்டு நீளப் பெஞ்சு. அம்மாசிக்கு வலதுபக்கம் ஒட்டி உட்கார்ந்தான்.

முதல் வளைவு. "இப்ப இழு" என்றான் அம்மாசி. பிச்சைமுத்து இரண்டு கையாலும் ஸ்டேரிங்கின் வலதுபக்கத்தைப் பிடித்து இழுத்தான். அப்பா! கிணற்றிலிருந்து மாடு கவலைச் சால் இழுக்கிற கனம். இருநூறு பம்புக்கு மேல் செய்தவன், இந்தக் கனத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தன் கையால் தொட்டான். சக்கரம் முனகிக்கொண்டு திரும்பியது. அடுத்த வளைவு இடதுபக்கம். அதற்குத் தள்ள வேண்டும். தள்ளினான். தோள் எரிந்தது. அம்மாசியின் வலது கை கியருக்கும் ஸ்டேரிங்குக்கும் ஓடி ஓடி வந்தது.

நாலாவது வளைவில்தான் பார்த்தான். அம்மாசியின் இடது கை ஸ்டேரிங்கின் மேல் இருந்தது. சக்கரம் திரும்பத் திரும்ப அதுவும் கூடவே போய், நழுவி, மடியில் விழுந்தது. அம்மாசி கியரை விட்டுவிட்டு வலது கையால் அதைத் தூக்கி மறுபடி ஸ்டேரிங்கின் மேல் வைத்தான். சந்தையில் வாங்கிய சுரைக்காயை எடுத்து வைப்பதுபோல வைத்தான்.

பிச்சைமுத்து அந்தக் கையையே பார்த்தான். கேட்கவில்லை. கேட்க நேரம் எங்கே? அடுத்த வளைவு வந்துவிட்டது. அந்த வளைவில் கீழிருந்து பஸ்ஸும் வந்துவிட்டது.

ஹாரன் அலறியது. "இழு மாமா, இழு, இழு!" ஓரத்துச் செம்மண்ணில் முன்சக்கரம் இறங்கியது. பிச்சைமுத்து எழுந்து நின்று, தலை கூரையில் இடிக்க, உடம்பு முழுவதையும் ஸ்டேரிங்கில் தொங்கவிட்டான். மாரியாத்தா, மாரியாத்தா என்று கத்தினான். அம்மாசி பிரேக்கில் ஏறி நின்றான். வண்டி வழுக்கி, பஸ்ஸின் பக்கவாட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே நின்றது. அம்மாசியின் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே மரங்களின் உச்சிதான் தெரிந்தது. பஸ் டிரைவர் என்னென்னவோ திட்டிக்கொண்டு ஊர்ந்து கடந்து போனார்.

மீதி வளைவுகளை நடக்கிற வேகத்தில் இறங்கினார்கள். கோமுகி அணை தெரிந்ததும், ஒரு புளியமரத்தடியில் அம்மாசி வண்டியை ஓரங்கட்டி இஞ்சினை நிறுத்தினான். பிச்சைமுத்து கதவைத் திறந்து இறங்கி, தின்ற நாலு வாய் சோற்றையும் வாந்தியெடுத்தான்.

வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். "கொஞ்சம் பலம் கம்மின்னுதானே சொன்ன?"

அம்மாசி ஸ்டேரிங்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். "உசுரே இல்ல மாமா. கட்டு பிரிச்ச நாள்லருந்தே இல்ல. ஊசி குத்தினாகூடத் தெரியாது."

"எங்கிட்ட ஏண்டா பொய் சொன்ன?"

"நெசத்த சொல்லியிருந்தா நீ பம்ப ஏத்தி வச்சிருப்பியா?"

வைத்திருக்கமாட்டான். பிச்சைமுத்து வண்டியின் மேல் சாய்ந்துகொண்டான். காலையிலிருந்து ஒரு சிட்டிகைத் திருநீற்றைத் தேடிக்கொண்டு மலையேறியிருக்கிறான். இவன் ஏற்றி வைத்த அழுத்தத்தில், ஒற்றைக் கை ஆள், விடியற்காலையில் அந்த மாப்பிள்ளையையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு இத்தனை வளைவு ஏறியிருக்கிறான். திறக்காமல் விட்டிருந்தால் மத்தியானம் அந்தப் பெண்ணும் உட்கார்ந்திருப்பாள். ஒரு குழாய் வெடித்தால் போதும், ஒரு பெல்ட் அறுந்தால் போதும். பம்பு செய்தவன் அவன், அவனுக்குத் தெரியாதா எந்தப் பம்பும் ஒருநாள் நிற்கும் என்று? தெரிந்தும்தானே மைத்துனன் என்று முறுக்கி வைத்தான். அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அம்மாசி அழுதான். சத்தம் போட்டு, மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அழுதான். பிறகு சாவியை உருவி நீட்டினான். "இந்தா மாமா. நீயே ஐயாகிட்ட குடுத்துடு. நான் போய் நிக்க முடியாது."

பிச்சைமுத்து சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டான். "நான் ஏத்தி வச்சதையும் சேத்துத்தான் சொல்லப்போறேன்" என்றான்.

கச்சிராயபாளையம் போகிற பஸ்ஸுக்காக இரண்டு பேரும் ரோட்டோரம் நின்றார்கள். பஸ் வரவில்லை. முன்னால் ரோடு சமதரையில் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே நேராகக் கிடந்தது. அம்மாசி அந்த ரோட்டையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். கொஞ்சம் கிட்டே வந்தான்.

"மாமா, இனிமே வளைவே இல்ல. நேர் ரோடுதான். மெதுவா உருட்டிக்கினு போய்டலாம். வூட்ல வளையம் இருக்கில்ல, அர மணி நேரத்துல மாட்டிடுவ. யாருக்குத் தெரியப்போவுது? பஸ்ஸுக்காரனுக்கு நாம யாருன்னே தெரியாது. மூணு புள்ளைங்க மாமா. இந்த வண்டிய வுட்டா எனக்கு இன்னா இருக்கு, நீயே சொல்லு."

வலது கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

பிச்சைமுத்து அவன் தொங்கிய இடது கையைப் பார்த்தான். என்ன இருக்கிறது அவனுக்கு? உண்மையிலேயே ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போனால் குஞ்சம்மாள் முகத்தில் எப்படி முழிப்பது? பையிலிருந்த சாவியின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டான்.

அம்மாசி நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. இவன் சாவியைக் கொடுக்கவில்லை.